சுக்கான் பட்டியலின் ஐந்தாவது வரி

9 அக்டோபர் 2025, வியாழன். ஜெகதாப்பட்டினம்.

நாளை படகில் பார்க்க வேண்டியவை, இந்த வரிசையில்:

1. ஆயில் டப்பா. எண்ணெய் அளவு, நிறம்.
2. ஸ்டியரிங்கிலிருந்து பின்பக்கம் போகும் இரண்டு குழாய்கள், இணைப்புகள். கசிவு உண்டா?
3. சிலிண்டர். தண்டு வெளியே வரும் இடத்தில் கசிவு, வளைவு.
4. சுக்கான் தண்டும் அதைத் திருப்பும் கையும். ஒன்றின்மேல் ஒன்று நழுவுகிறதா? சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்க்க.
5. முதல் நான்கும் சரியாக இருந்தால், ஓட்டியவர்.

ஐந்தாவதை எழுதலாமா என்று யோசித்தேன். ஐ.டி.ஐ.யில் முப்பத்தொரு வருடம் டீசல் மெக்கானிக் வகுப்பில் சொன்னது இதைத்தான்: இயந்திரத்தைப் பார்த்து முடித்த பிறகு, இயக்கியவரையும் பார்க்க வேண்டும். எழுதிவிட்டேன்.

காலையில் மகள் சத்யா போன் செய்தாள். குரலே சரியில்லை. ஆலங்குடியிலிருந்து அறந்தாங்கி போய் பஸ் மாறி, மகள் வீட்டுக்கு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. நடந்தது இது. மாப்பிள்ளை முத்துராஜின் விசைப்படகு நேற்றுக் காலை கடலுக்குப் போனது. வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் வெறுமனே சுற்றியது, சுக்கான் திரும்பவில்லை. நீரோட்டம் இலங்கை எல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. படகில் ஐந்து பேர். இன்னொரு படகு பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்தது. இல்லையென்றால் ஐந்து பேரும் இன்று எந்தச் சிறையில் இருந்திருப்பார்களோ.

இந்த ஸ்டியரிங் நான் சொல்லிச் செய்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையேறிக் கிடந்தபோது பழைய சங்கிலியைக் கழற்றிவிட்டு, டிராக்டர் சிலிண்டர் ஒன்றை வைத்து ஹைட்ராலிக்காக மாற்றினோம். ஆயில் டப்பாவையும் மூடியையும் ஆலங்குடிப் பட்டறையில் பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன். அதனால்தான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: என் கணக்கு எங்கேயோ பிசகிவிட்டதா?

10 அக்டோபர், வெள்ளி.

ஏழரை மணிக்கே ஜெட்டிக்குப் போய்விட்டேன். பக்கத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யார் பேசினாலும் காதருகே வந்து கத்த வேண்டியிருந்தது.

1. மூடியின் உச்சியில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு குங்குமத்தோடு காய்ந்து அப்படியே இருந்தது. அழிந்துவிடாமல் ஓரத்தைப் பிடித்துப் பக்குவமாகத் திறந்தேன். எண்ணெய் ஒரு விரற்கடை குறைவு. ஊற்றி நிரப்பினேன். சரி.

2. குழாய்கள், இணைப்புகள் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்ததில் ஈரமில்லை. சரி. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொன்னபோது டப்பாவில் சில குமிழ்கள் வந்தன. படகு ஆடியதால் இருக்கலாம்.

3. சிலிண்டர் தண்டில் மிகச் சிறிய கசிவு. ஒரு சொட்டு விழுவதற்குக் கால் மணி ஆகிறது. பொருட்படுத்த வேண்டியதில்லை. சரி.

4. சுண்ணாம்புக் கோடு விலகவில்லை. சரி.

திருப்தியில்லாமல் மூன்று முறை முதலிலிருந்து செய்தேன். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து எண்ணெய் அளவில் ஆரம்பித்துத்தான். மூன்று முறையும் ஸ்டியரிங் பூப்போலத் திரும்பியது.

டிரைவர் திருப்பதி கூடவே நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஏழு வருடமாக இந்தப் படகை ஓட்டுகிறவர். நான் கேட்பதற்கு முன்பே துணியும் ஸ்பேனரும் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது முறை முடிந்ததும் என் காதருகே வந்து சொன்னார்: "கடல்ல கல்லு மாதிரி இறுகுச்சு சார். பெறகு பொசுக்குன்னு லூசாயிருச்சு. இப்பப் பாத்தா நல்ல புள்ளயாட்டம் திரும்புது. நான் என்னத்தச் சொல்ல."

நோட்டில் நான்கு டிக் போட்டேன். மிச்சமிருந்த வரியின்கீழ் கோடு போட்டேன். வகுப்பில் பழகிய கை. மிச்சம் இருப்பதன்கீழ் கோடு போடும். முத்துராஜ் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அப்ப அஞ்சாவதுதானே மாமா."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள் என்று வகுப்பில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்.

11 அக்டோபர், சனி.

படகு போகவில்லை. திருப்பதி வேலையில் இல்லை.

முத்துராஜ் என் நோட்டுப் பக்கத்தை எப்போது போட்டோ எடுத்தார் என்று தெரியாது. படகு உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். டிரைவர் தூங்கிவிட்டார், பழியை ஸ்டியரிங்மேல் போடுகிறார் என்று கீழே பேச்சு. "ஒங்க கையெழுத்து எவ்வளவு அழகா விழுந்திருக்கு பாருங்கப்பா" என்று சத்யா போனை நீட்டினாள். நான்கு டிக். ஐந்தாவது வரியின்கீழ் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல.

மாலையில் நடக்கப் போனபோது ஏலக்கூடத்தில் திருப்பதியின் மனைவி சின்னப்பிள்ளை இறால் பிரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் பக்கத்திலிருந்த பெண்களிடம் சொன்னார்: "வாத்தியாரய்யா வாராரு, எந்திரிச்சு நில்லுங்கடி. பரிச்ச வச்சு எங்க வீட்டுக்காரர ஃபெயிலாக்குனவரு." அவர்கள் சிரித்தார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

12 அக்டோபர், ஞாயிறு.

இதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

செந்தமிழன் என்ற வேறு டிரைவரை முத்துராஜ் பேசியிருக்கிறார். நாளை அவர் பொறுப்பேற்கும் முன் இன்றே முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு சோதனை ஓட்டம். நானும் போகவேண்டும் என்றார். எனக்குக் கடல் பயம். சொல்ல வெட்கமாக இருந்தது, போனேன்.

முகத்துவாரம் தாண்டியதும் குமட்டல். முதலில் ஆயில் மூடியைத் திறந்து அளவு பார்ப்பது என் வழக்கம். இன்று முடியவில்லை. வலைக் குவியலின்மேல் படுத்துவிட்டேன். அலை அதிகம், செந்தமிழன் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் ஒடித்துக்கொண்டிருந்தார். இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"சார், இறுகுது." சற்றுக் கழித்து, "சார். திரும்ப மாட்டேங்குது. சும்மா சுத்துது."

திருப்பதி சொன்ன அதேதான், அதே வரிசையில்.

ஊர்ந்துதான் போனேன். டப்பாவுக்கு மேலே ஜூனில் நான் எழுதி ஒட்டிய தாள்: கடலில் ஆயில் மூடியைத் திறக்கக் கூடாது, உப்புநீர் இறங்கும். அதைப் பார்த்ததும் கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு திருகினேன். உஸ்ஸென்று சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. எண்ணெய் சட்டென்று கீழே இறங்கியது. திருப்பச் சொன்னேன். டப்பாவில் குமிழ் குமிழாக வந்தது. பத்து நிமிடத்தில் ஸ்டியரிங்குக்கு உயிர் வந்துவிட்டது.

மூடியைக் கையில் வைத்துப் பார்த்தேன். அதன் உச்சியில் காற்றுப் போவதற்கு ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஒன்றரை மில்லிமீட்டர் பிட் வைத்து நானே போட்டது. எண்ணெய் டின்னுக்கு ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது, எதிர்மூலையில் இன்னொன்று போட வேண்டும். அந்த இன்னொன்றுதான் இது. அலையில் ஒடிக்க ஒடிக்கச் சிலிண்டரில் கசிவு கூடும்; கசிந்து போகும் ஒவ்வொரு சொட்டுக்கும் பதிலாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டப்பா எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், விடாது. ஸ்டியரிங் முதலில் இறுகும்; பிறகு கசியும் இடத்தின் வழியாகவே காற்று உள்ளே இழுபட்டு, வெறுமனே சுற்றும்.

ஓட்டையைக் காணவில்லை. அதன்மேல் சந்தனம். எண்ணெயும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது.

ஆயுத பூசையன்று, "நீங்க போட்ட ஸ்டியரிங்கு, நீங்களே பொட்டு வையிங்க மாமா" என்றார் முத்துராஜ். சக்கரம் முழுக்க மாலை. உச்சி எது என்று பார்த்து மூடியின்மேல் வைத்தேன். பெரிதாக, கட்டைவிரலால் அழுத்தி.

ஜெட்டியில் ஏன் தெரியவில்லை? மூன்று முறையும் முதல் வேலையாக மூடியைத் திறந்தேன். திறந்ததும் பழுது சரியாகிவிடும். பழுதைச் சரிசெய்துவிட்டு அதன் பிறகு பழுதைத் தேடியிருக்கிறேன். அந்த உஸ் சத்தம் ஐஸ் மெஷினில் கேட்கவில்லை. குமிழைப் பார்த்தும் படகின் ஆட்டம் என்று எழுதினேன். பட்டியலில் எல்லாம் இருந்தது. என் கை போட்ட ஓட்டை மட்டும் இல்லை.

இதுவரை நடந்ததுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு செய்ததை எழுத வேண்டும். செந்தமிழன் முன்பக்கம் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வேட்டி முனையால் மூடியைத் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். ஊதிப் பார்த்தேன். ஓட்டை திறந்தது, பொட்டு போயிற்று. யோசித்துச் செய்யவில்லை. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கரையில் முத்துராஜ் கேட்டபோது, காற்று புகுந்திருந்தது, எடுத்துவிட்டேன் என்றேன். பொய்யில்லை.

"மாமா கை வச்சா சரியாயிரும். அன்னைக்கு அந்தாளு முழிச்சிருந்து பாத்திருந்தா இம்புட்டு ஆயிருக்காது" என்றார்.

13 அக்டோபர், திங்கள்.

படகு போனது. நான் ஆலங்குடிக்குப் பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை.

15 அக்டோபர், புதன். ஆலங்குடி.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி சொர்ணவல்லி என் பிரஷர் மாத்திரையை எண்ணிப் பார்த்தாள். மாத்திரை சரியாகத்தான் போட்டிருக்கிறேன். என்ன என்று கேட்டாள். சொன்னேன், துடைத்தது உட்பட.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "நீங்க பொட்டு வச்சத சத்யா போட்டோ அனுப்புனாளே. அம்மாம் பெரிசா எதுக்குன்னு நான் அப்பவே நெனச்சேன்."

போனை எடுத்துக் காட்டினாள். நான்தான். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை மூடியில் அழுத்திக்கொண்டு. பின்னால் திருப்பதி கைகூப்பி நிற்கிறார்.

நான் துடைத்தால் அழிந்துவிடும் என்று நினைத்தேனே.

"அந்த மனுசன் தீவாளிய எப்புடிக் கொண்டாடுவாரு?" என்று மட்டும் கேட்டாள்.

17 அக்டோபர், வெள்ளி. ஜெகதாப்பட்டினம்.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் வரவில்லை. உளறினேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று; புரிந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பழுது தெரிந்துவிட்டது, அதோடு விடலாம் என்றார். மாமனார் வைத்த பொட்டால் படகு எல்லை வரை போனது என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். செந்தமிழனை அழைத்தாயிற்று, அவரிடம் என்ன சொல்வது? திருப்பதி தொழில் தெரிந்தவர், அவருக்கு வேறு இடம் கிடைக்கும்.

"கெடைக்கல மாப்பிள்ளை" என்றேன். இந்த இரண்டு சொல்தான் இன்று நான் உளறாமல் சொன்னது.

அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு ஒரு உரிமையாளரும் திருப்பதியைக் கூப்பிடவில்லை. தீபாவளி முடிந்ததும் கொல்லத்துக்குப் போகிறாராம். டிரைவராக அல்ல, வலை இழுக்க. ஐம்பது வயதில்.

முத்துராஜ் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்யா எங்கள் இருவருக்கும் நடுவில் சாம்பாரை வைத்தாள்.

18 அக்டோபர், சனி.

திருப்பதி வீட்டுக்குப் போனேன். வாசலில் மூன்று முறை செருப்பைக் கழற்றி மாட்டினேன்.

நாற்காலி போட்டார். நான் முதலிலிருந்து சொன்னேன். ஓட்டை, பொட்டு, மூன்று முறை திறந்தது, துடைத்தது. முடித்ததும் அவர் விரலை மடக்கினார்.

"ஓட்ட போட்டது நீங்க. அத அடச்சது நீங்க. தொறக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டுனதும் நீங்க. கடல்ல தொறந்து பாப்பமான்னு கை வச்சேன் சார். நீங்க எழுதியிருக்கீங்களேன்னு எடுத்துட்டேன்." மடக்கிய விரல்களைப் பார்த்தார். "இதுல நான் எங்க சார் வாரேன்?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. சுவரோரம் ஒரு பை பாதி கட்டியபடி இருந்தது.

சின்னப்பிள்ளை உள்ளிருந்து வந்தார். "இங்க வந்து சொல்லி என்ன ஆவப்போவுது? எங்களுக்குத்தான் அவரு தூங்கலன்னு தெரியுமே. எழுதித்தான வேலைய விட்டு எடுத்தீங்க. எழுதியே குடுங்க. அதே மாதிரி நம்பரு போட்டு."

கிளம்பும்போது தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

20 அக்டோபர், திங்கள். தீபாவளி.

ஏழு முறை எழுதிக் கிழித்தேன். முதல் ஆறிலும் 'கவனிக்கப்படாமல் போய்விட்டது' என்று இருந்தது. ஏழாவதில் 'நான் கவனிக்கவில்லை'.

22 அக்டோபர், புதன்.

காற்று எச்சரிக்கை, படகுகள் போகவில்லை. அதனால் படகு உரிமையாளர் சங்க அறையில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். நீங்களே வாசித்துவிடுங்கள் என்றார் செயலாளர்.

வாசித்தேன். மூன்றாவது குறிப்பில் வரி தவறி, அதையே மறுபடி வாசித்தேன். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். பொட்டு என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. எதிர்பார்த்ததுதான். ஐந்தாவது: டிரைவர் திருப்பதி சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, நேரில் கண்டேன். அந்த இடத்தில் சிரிப்பு இல்லை.

பெரியகருப்பன் என்ற வயதான உரிமையாளர் எழுந்தார். "ஏன் சார், எங்க படகுலயும் அந்த மாதிரி டப்பாதான். பூசைக்கு நாங்களும் அப்பித்தான் வச்சிருக்கோம். அதையும் பாக்கணுமா?"

பார்க்க வேண்டும் என்றேன். மூன்று பேர் சொல்லிக்கொள்ளாமல் ஜெட்டிக்குப் போனார்கள்.

வெளியே வரும்போதுதான் கவனித்தேன். முத்துராஜ் கதவோரம் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. என் கையிலிருந்த தாளை வாங்கி, சுவரில் வைத்துப் போட்டோ எடுத்தார். குழுவில் போட்டுவிட்டுப் போனைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வண்டியில ஏறுங்க மாமா" என்றார். ஐந்து நாளில் முதல் பேச்சு.

26 அக்டோபர், ஞாயிறு.

சிலிண்டர் சீல் மாற்றியாயிற்று. கசிவு இல்லை. மூடியின் உச்சி ஓட்டையை அடைத்துவிட்டு, பக்கவாட்டில் கீழ்நோக்கி வளைந்த சிறு குழாய் வைத்தோம். இனி யாராலும் அதன்மேல் பொட்டு வைக்க முடியாது; தண்ணீரும் இறங்காது. ஜூனிலேயே இப்படிச் செய்திருக்கலாம். நான் எழுதி ஒட்டிய தாளைக் கிழித்தேன்.

முத்துராஜ் திருப்பதியைத் திரும்ப அழைத்தாராம். அவர் வரவில்லை. கொல்லத்துக்கும் போகவில்லை. பெரியகருப்பன் படகில் டிரைவராகச் சேர்ந்துவிட்டார்.

2 நவம்பர், ஞாயிறு.

காலையில் புது எண்ணிலிருந்து போன். திருப்பதி.

"சார், இந்தப் படகு ஸ்டியரிங்க ஒருதடவ வந்து பாக்குறீங்களா? ஆனா நோட்டு மட்டும் கொண்டாராதீங்க."

சிரிக்கிறாரா, குத்துகிறாரா என்று போனில் தெரியவில்லை. நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு போனேன். படகில் ஏறியதும் கை தானாக ஆயில் மூடிக்குப் போயிற்று. கையை எடுத்துக்கொண்டேன். ஓட்டும்போது எப்படி இருக்கிறது என்று முதலில் அவரைக் கேட்டேன். வலப்பக்கம் ஒடிக்கையில் பின்னால் 'டொக்'கென்று ஒரு சத்தம், சுக்கான் கையில்தான் என்று நினைக்கிறேன் என்றார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். கையைத் தண்டோடு பிடித்துவைக்கும் இரும்புக் கட்டை தேய்ந்திருந்தது. அவர் சொன்ன அதே இடம். கால் மணிகூட ஆகவில்லை.

டீ வாங்கிக் கொடுத்தார். பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். நான்கு டிக், ஒரு கோடு. சங்கத்தில் வாசித்தேன், தாளில் எழுதிக் கொடுத்தேன். இங்கே மட்டும் இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்திருக்கிறேன். அடித்துவிடலாம் என்று தோன்றியது. அடித்தால் என்ன எழுதியிருந்தேன் என்பதும் போய்விடும். ஓரத்தில் இன்றைய தேதி போட்டு எழுதினேன்:

ஐந்தாவது தவறு.